நாயுருவி போட்ட பதில்

எண்டர் பட்டன் ஒன்றுதான் பாக்கி. நாயுருவி என்று பெயர் வைத்துக்கொண்டு எங்கேயோ உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள் போட்ட நீள வரியை அப்படியே எடுத்துக் கறுப்புத் திரையில் ஒட்டியாகிவிட்டது. வரியின் கடைசியில் அந்த வெள்ளைக் கட்டம் வா வா என்று கூப்பிட்டபடி மினுக்குகிறது, ஜெகதாவின் விரல் மட்டும் பட்டனுக்கு மேலே போய் நின்றுகொண்டு இறங்கமாட்டேன் என்கிறது. ஏன் இறங்க வேண்டும். யார் இவன். அவனா அவளா என்பதே தெரியாது, படம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு செடியின் படம், துணியில் ஒட்டிக்கொள்ளுமே அந்த முள்ளு விதை, அதை வைத்திருக்கிறான், நல்ல எண்ணம் உள்ளவன் வைக்கிற படமா அது. மதிய இடைவேளை. கல்லூரி நூலகத்தில் ஒரு ஆள் கிடையாது. தயிர் சாதம் டப்பாவுக்குள் இந்நேரம் புளித்திருக்கும். 'நூலகர்' என்று எழுதிய பலகை மேஜை மேல் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நிற்கிறது, யாராவது வந்தால் சொல்லிவிடுகிறேன் என்பதுபோல. சொல்லட்டும். விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இதே வரியைத்தான் காலையில் 'தீங்கான அறிவுரை' என்று அவளே புகார் செய்தாள், இப்போது அதையே ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இதைப் போய் யாரிடம் சொல்ல.

எல்லாம் நேற்றுச் சாயங்காலம் வந்த வினை. நூலக மென்பொருளின் புதுப் பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றிக்கொள்ளவும் என்று திரையின் மூலையில் ஒரு மஞ்சள் பட்டை பல நாளாக நின்றுகொண்டிருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து குழு வரப்போகிறது, அவர்கள் கண்ணில் அந்த மஞ்சள் பட வேண்டாமே என்று, வீட்டுக்கு விருந்தாளி வருமுன் பாயைத் தட்டிப் போடுகிற மாதிரி, ஏற்றிவிட்டாள். ஏறியது. பட்டை போனது. காலையில் வந்து தேடு கட்டத்தைத் திறந்தால் தமிழ்த் தலைப்பு ஒன்றுகூட இல்லை. இங்கிலீஷ் புத்தகமெல்லாம் மகாராஜா மாதிரி அப்படியே இருக்கிறது, தமிழ்ப் புத்தகம் இருந்த இடத்தில் தலையில் கோடு போட்ட ஒரு இங்கிலீஷ் 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு 'ஆர்', அப்புறம் ஏதோ ஒரு பின்னம், மறுபடியும் அந்தக் கோடு போட்ட 'ஏ'. வரிக்கு வரி, அலமாரிக்கு அலமாரி. அவள் இந்த வேலைக்கு வந்தபோது தமிழ்ப் புத்தகத்தையெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில்தான் எழுதி வைத்திருந்தார்கள், ஒருவர் எழுதிய மாதிரி இன்னொருவர் எழுதாமல். எந்தப் பிள்ளை தேடினாலும் கிடைக்காது. ஒட்டன்சத்திரத்துப் பக்கமிருந்தும் நத்தத்திலிருந்தும் வருகிற பிள்ளைகள், தேடிப் பார்த்து இல்லை என்று சொல்லிவிட்டு, அந்தப் புத்தகம் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருக்க, வெறுங்கையோடு போகும். ஜெகதாதான் ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, தூசி தட்டி, தும்மி, தமிழில் அடித்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ஆரம்பித்தது, பெரியவன் வயிற்றில் இருக்கும்போதும் அடித்தாள், மாமனார் காரியம் முடிந்து வந்த வாரத்திலும் அடித்தாள். அதுதான் இப்போது கோடு போட்ட 'ஏ'வாக நிற்கிறது. தினமும் தானாக ஒரு நகல் எடுத்து வைக்கும்படி எப்போதோ ஏற்பாடு செய்திருந்தாள், ஓடிப்போய் அதைத் திறந்தாள். தினமும் ஒரு கோப்பு இருந்தது, ஒழுங்காகத் தேதி போட்டு. உள்ளே ஒன்றுமில்லை. எல்லாம் காலி டப்பா. இத்தனை காலமும் அவள் காலி டப்பாக்களைத்தான் அடுக்கி வைத்திருந்தாள்.

நகல் எடுத்தீர்களா? அதைத்தான் முதலில் கேட்டான் அந்த நாயுருவி. கேட்ட விதமே சரியில்லை. தமிழில் கேட்டால் தமிழில் உதவி செய்கிற மன்றம் ஒன்று இணையத்தில் இருக்கிறது, இந்த மாதிரி இலவச மென்பொருள் வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்களெல்லாம் போய் விழுகிற இடம். அவளும் காலையில் போய் விழுந்தாள். சொந்தப் பெயரில் போகவில்லை, அதற்கு அவள் என்ன பைத்தியமா. பொம்பளைப் பெயரைக் கண்டால் கேள்விக்குப் பதில் வருமுன் 'சிஸ்டர் எந்த ஊர்' வரும் என்பது அவளுக்குத் தெரியும். கே.பி.ராஜன் என்று ஒரு பெயர். கே.பி. யாருமில்லை, ராஜனும் யாருமில்லை, வாய்க்கு வந்தது. 'அவசரம்!!! தயவுசெய்து உதவுங்கள், முன்கூட்டியே நன்றி' என்று தலைப்புப் போட்டாள், திரையைப் போனில் படம் பிடித்தும் போட்டாள். கொஞ்ச நேரத்தில் யாரோ அதில் கைவைத்து அவசரத்தையும் எடுத்துவிட்டார்கள், நன்றியையும் எடுத்துவிட்டார்கள், 'பதிப்பு ஏற்றியபின் தமிழ் எழுத்துகள் சிதைவு' என்று ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி மாற்றிவிட்டார்கள். நன்றி சொன்னால்கூட வெட்டுகிறவர்கள். கீழே நாயுருவி எழுதியிருந்தான்: 'ராஜன், இங்கே எல்லாருக்கும் அவசரம்தான். தேடிப் பார்த்தீர்களா? நகல் எடுத்தீர்களா? எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்பு? திரையைப் போனில் போட்டோ எடுத்துப் போடாதீர்கள், வந்த பிழையை எழுத்தாகப் போடுங்கள். போட்டோவில் உங்கள் மேஜை தெரிகிறது, முதலில் அதை எடுங்கள். சரிங்களா.' மேஜை தெரிகிறதாம். உன்னை யார் மேஜையைப் பார்க்கச் சொன்னது. தெரிந்தால் உனக்கென்ன. எடுங்கள் என்கிறானே, அப்படியென்றால் என்னத்தைப் பார்த்துவிட்டான். ஜெகதா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு ஓரத்தில் பச்சை ரேக், அதில் கல்லூரி முத்திரை குத்திய புத்தகத்தின் முதுகு, பாதி. பாதி முத்திரையை வைத்து ஒருத்தன் கண்டுபிடித்துவிட முடியுமா. ஏற்கெனவே தெரிந்தவனாக இருந்தால் முடியும்.

தெரிந்தவன். அந்த நினைப்பு வந்ததும் பதிலை மறுபடி கடைசிவரை படித்தாள். சரிங்களா. 'சரிங்களா' என்று முடிக்கிற ஆள் அவளுக்கு ஒருத்தரைத் தெரியும், நன்றாகவே தெரியும். கம்ப்யூட்டர் துறைத் தலைவர் இன்னாசிமுத்து. 'லைப்ரரி சாஃப்ட்வேர் எங்க டிபார்ட்மென்ட் பொறுப்பிலேயே இருக்கட்டுமே மேடம், உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி, சரிங்களா' என்று போன வருஷ ஸ்டாஃப் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் சொன்னவர். முதல்வர்கூடத் தலையாட்டினார். ஜெகதா விடவில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன் சார் என்றாள். அதற்கு அவர் ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நாயுருவி விதை மாதிரி இன்றைக்கும் புடவையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தெரியாமலா அந்தப் பெயர். அட, சீ. சரிங்களா என்று யார்தான் சொல்லவில்லை. பால்காரன் சொல்கிறான், பெரியவனின் கணக்கு டீச்சர் சொல்கிறாள், இந்த ஜில்லாவில் பாதிப் பேருக்கு வாய் திறந்தால் சரிங்களாதான். அதற்காக அவர் இல்லை என்றும் ஆகிவிடாது. அவருக்கு வகுப்பு இல்லாத நேரத்தில்தான் நாயுருவியின் பதில் வருகிறது. இல்லை, ஒரு பதில் முதல் பீரியடில் வந்தது, அப்போது அவருக்கு வகுப்பு. ஆனால் அவர் வகுப்பில் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டுப் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார் என்று பிள்ளைகளே சொல்கிறார்கள். இப்படி ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் ஒழுகுகிறது, ஜெகதாவுக்கு இது புதிதல்ல, ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அதற்குச் சோறு போட்டு வளர்க்கிற ஆள் அவள்.

அப்பாவிடமிருந்து வந்தது இது. கடையில் நிறுத்துக் கொடுத்த கத்தரிக்காயை வீட்டில் இன்னொரு தராசில் நிறுத்துப் பார்க்கிற மனுஷன். எடை சரியாக இருந்துவிட்டால் அவருக்கு அன்றைக்கு முகமே விழுந்துவிடும், சரியாக இருக்கிறதே, என்ன சூழ்ச்சியோ என்று. ஒருமுறை பழனிக்குப் போகிற பாசஞ்சரில், அவளுக்கு ஏழோ எட்டோ இருக்கும், எதிர் சீட்டில் ஒரு ஆள், கதர்ச் சட்டை, மடியில் துணிப்பை. பையிலிருந்து ஒரு கொய்யாப்பழம் எடுத்து, சட்டையில் துடைத்து, இந்தா பாப்பா என்று நீட்டினார். அவள் வாங்கிவிட்டாள். பழம் இளஞ்சூடாக இருந்தது, வெயிலில் பறித்த சூடு. வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அப்பா பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தார். "யாரு என்னா குடுத்தாலும் வாங்கித் தின்னுருவியா? மயக்க மருந்து கிய்க்க மருந்து வச்சிருந்தா?" அந்த ஆளுக்குக் கேட்கும்படியே சொன்னார். அந்த ஆள் கொஞ்ச நேரம் பையைப் பார்த்தார். அப்புறம் அதிலிருந்து இன்னொரு கொய்யாவை எடுத்து, வெளியே பார்த்துக்கொண்டு, தானே கடித்துத் தின்ன ஆரம்பித்தார், அவசரமில்லாமல், கொட்டையையும் மென்று. உள்ளே சிவப்பாக இருந்தது. ஒட்டன்சத்திரம் வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா செய்தது தப்பென்று அவள் இதுவரை நினைத்ததில்லை, இப்போதும் நினைக்கவில்லை, செய்தித்தாளில் வாரம் ஒன்று வருகிறது, பிஸ்கட்டு கொடுத்து நகையைக் கழற்றினார்கள் என்று. அந்தச் சிவப்பு மட்டும் ஏன் இப்போது ஞாபகம் வர வேண்டும்.

இந்த நாயுருவி பின்தொடர்கிறான், அதுதான் விஷயம். இன்னொரு தளத்திலும் இதே கேள்வியைப் போட்டிருந்தாள், வேறு பெயரில்கூட இல்லை, அதே ராஜன். ஆபத்துக்கு நாலு இடத்தில் கேட்பது குற்றமா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நாலு டாக்டரிடம் காட்டமாட்டோமா. நாயுருவி அதைக் கண்டுபிடித்து இங்கே எழுதிவிட்டான்: 'அங்கேயும் கேட்டிருக்கிறீர்கள். அங்கே ஒருவர், இங்கே நான், இரண்டு பேரும் ஒரே வேலைக்குக் காலை நேரத்தைச் செலவழிக்கிறோம். கேளுங்கள், கேட்டதை இரண்டு இடத்திலும் சொல்லிவிடுங்கள். அதுதான் மரியாதை.' மரியாதை பற்றி அவளுக்குப் பாடம். பொங்கிக்கொண்டு வந்தது. அடித்தாள்: 'உதவ இஷ்டமிருந்தால் உதவுங்கள், இல்லையென்றால் விடுங்கள். உங்களிடம் ஒன்றும் கைகட்டி நிற்கவில்லை. வேலை வெட்டி இல்லாதவர்கள்தான் அடுத்தவர் எங்கே போகிறார், வருகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.' ராஜன் எழுதியதுதானே. ராஜன் கோபக்காரன் என்று இருந்துவிட்டுப் போகட்டும். இவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு ஒருத்தன் என்ன செய்வான். திருப்பித் திட்டுவான், அல்லது போய்விடுவான். இவன் இரண்டும் செய்யவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இந்த நீள வரியைப் போட்டான். அதற்கு மேலே இரண்டே வாக்கியம்: 'முதலில் இப்போது இருக்கிற கெட்டுப்போன தரவையே முழுதாக ஒரு நகல் எடுங்கள், அதற்கான வரி கீழே. எடுத்தபின் இதை ஓட்டுங்கள்.' திட்டு வாங்கியவன் மருந்து கொடுக்கிறான். அங்கேதான் இடிக்கிறது. இடிக்கிறதா இல்லையா. கெட்டுப்போனதற்கு எதற்கு நகல், நக்கல்தானே அது. நகலில்லாதவளைப் பார்த்து, இப்போதாவது எடுத்துக்கொள், கெட்டதையாவது எடுத்துக்கொள் என்கிற நக்கல். அவளுக்கு அப்படித்தான் பட்டது. அப்படிப் பட்டுக்கொண்டிருக்கும்போதே வழிப்போக்கன் என்று இன்னொருவர் வந்து எழுதினார், 'ஐயா ஓட்டாதீர்கள், நடுவில் பாருங்கள், டிராப் என்று இருக்கிறது, அது அழிக்கிற கட்டளை, இந்த ஆளுக்கு இதே பிழைப்பு.' நாயுருவி பதில் எழுதினான், அழிவது அட்டவணையில் நடுவில் நாமே போடுகிற தற்காலிகப் பத்தி மட்டும்தான், வரியைக் கடைசிவரை படியுங்கள் என்று. வழிப்போக்கன் சீறினார். நாயுருவி சீறினான். அவர்கள் சண்டை ஏதோ பழைய சண்டை, பங்காளிச் சண்டை, நடுவில் இவள் புத்தகமெல்லாம் கிடக்கிறது. ஜெகதா பயந்துபோய், பதிலுக்குக் கீழே இருந்த கொடிப் படத்தை அழுத்தினாள். என்ன காரணம் என்று கேட்டது. 'தீங்கான அறிவுரை' என்பதற்கு நேரே டிக் செய்தாள். செய்ததும், பால் பாக்கெட்டைப் பிரிட்ஜில் வைத்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி. அதற்கப்புறம் யாரும் வரவில்லை. வழிப்போக்கன் ஓட்டாதே என்றதோடு சரி, வேறென்ன ஓட்டுவது என்று சொல்லாமல் நடந்துவிட்டார். அந்த இன்னொரு தளத்தில் கேள்வி கேட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. பசித்த நேரத்துக்கு இலையில் இருந்தது நாயுருவியின் ஒற்றை வரி மட்டும்தான்.

"என்ன மேடம், சாப்பிடலையா?"

தூக்கிவாரிப் போட்டது. இன்னாசிமுத்து. அவரேதான், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், செருப்புச் சத்தமே கேட்கவில்லை, அல்லது கேட்காதபடி வந்திருக்கிறார். ஜெகதா கறுப்புத் திரையைச் சட்டென்று மறைத்து மன்றப் பக்கத்தை முன்னால் கொண்டுவந்தாள். அது அதைவிட ஆபத்து. மானிட்டரைக் கொஞ்சம் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

"சாப்பிடணும் சார். நாளைக்கு வேலை கெடக்கே."

"அதத்தான் கேக்க வந்தேன். கமிட்டில ஒருத்தரு தமிழ்க்காரராம். தேடு கட்டத்துல தமிழ்லயே அடிச்சுப் பாப்பாருன்னு பிரின்ஸிபால் சொன்னாரு. நீங்கதான் சூப்பரா பண்ணி வச்சிருக்கீங்களே. எல்லாம் ரெடிதான மேடம்?"

ஏன் கேட்கிறார். சூப்பரா என்று எதற்கு அந்த அழுத்தம். தெரிந்துதான் கேட்கிறாரா, வாயிலிருந்து பிடுங்கப் பார்க்கிறாரா. இரண்டு கையையும் பார்த்தாள். ஒரு கையில் சாக்பீஸ் பொடி, இன்னொரு கை கதவில். போன் சட்டைப் பையில், வெளிச்சமில்லாமல். அந்த நேரம் பார்த்து, அவர் அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே, திரையில் ஒரு புதுப் பதில் முளைத்தது. நாயுருவி: 'ராஜன், அந்த முதல் வரியை ஓட்டி நகல் எடுத்துவிட்டீர்களா? எடுக்காமல் அடுத்ததைத் தொடாதீர்கள். தப்பாகிப் போனால் நகல் இருக்கும். சரிங்களா.'

"ரெடி சார்," என்றாள் ஜெகதா.

"அப்பச் சரி. சாப்புடுங்க மொதல்ல, சரிங்களா," என்றுவிட்டு அவர் போனார். போகும்போது படியில் விசில் அடித்துக்கொண்டு போனார்.

அவர் இல்லை. அவர் இங்கே நிற்க, அவன் அங்கே எழுதினான், இரண்டு பேரும் ஒரு ஆளாக இருக்க முடியாது. இதைக்கூட உடனே விட்டுவிடவில்லை அவள், முன்பே எழுதி வைத்து நேரம் குறித்து அனுப்பலாமாமே என்று ஒரு நிமிஷம் அதையும் போட்டு உருட்டிப் பார்த்தாள், பிறகு தனக்கே வெட்கமாகி விட்டுவிட்டாள். தப்பாகிப் போனால் நகல் இருக்கும். கெட்டுப்போனதற்கு எதற்கு நகல் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாளே, அவள் செய்யாததா அது. பக்கம் உதிர்ந்த புத்தகத்தைப் பைண்டிங்குக்கு அனுப்புமுன் உதிர்ந்தது உதிர்ந்தபடியே ஜெராக்ஸ் எடுத்து வைப்பது யார். கிழிந்ததை எதுக்குக்கா எடுக்கிறீங்க என்று பைண்டர் கேட்டால், நீ ஒட்டுகிறேன் என்று இன்னும் கிழித்துவிட்டால் எனக்கு இந்தக் கிழிசலாவது வேண்டாமா என்று சொல்கிறவள் யார். இவன் அதைத்தான் சொல்லியிருக்கிறான். கெடுக்க வருகிறவன் நகல் எடு, நகல் எடு என்று இரண்டு தரம் சொல்வானா. அழிக்க வருகிறவன் தான் அழிப்பது வீணாகப் போகிற வழியை முதல் வரியிலேயே எழுதிக் கொடுப்பானா. மேஜை தெரிகிறது, எடுங்கள் என்றானே, அதுகூட, ஐயோ, அதுகூட அவளுக்காகத்தான் சொல்லியிருப்பானோ. முகம் சூடாகிவிட்டது. முதல் வரியை ஓட்டினாள். கெட்டுப்போன அத்தனையும் அப்படியே நகலாகி ஒரு ஓரத்தில் உட்கார்ந்தது. இந்தத் தடவை திறந்தும் பார்த்தாள், காலி டப்பா இல்லை. அப்புறம் அந்த நீள வரி. விரல் மேலே போய் நின்றது. அப்பா ஜன்னலோரத்திலிருந்து முறைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

திறந்தபோது கறுப்புத் திரை ஒன்றும் சொல்லாமல் இருந்தது. கொஞ்ச நேரம் ஆனது. செத்தேன் என்று நினைத்தாள். அப்புறம் அது, ஆயிற்று, என்பதுபோல ஒரு சின்ன வரியைத் துப்பியது. தேடு கட்டத்துக்குப் போய் 'தேனீ வளர்ப்பு' என்று அடித்தாள். வந்தது. தே, னீ, கொம்போடு, சுழியோடு, முழுசாக. 'கிணற்றுப் பாசனம்' வந்தது. 'திண்டுக்கல் மாவட்டத் தாவரங்கள்' வந்தது, அதை அடித்த நாளில் கரண்ட் போய்ப் போய் வந்தது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அலமாரி அலமாரியாகத் திரும்பி வந்தன, காணாமல் போன பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தெருமுனையில் திரும்பி வருகிற மாதிரி. ஜெகதா அழுதாள். நூலகத்தில் யாருமில்லாததால் சத்தம் போட்டே அழுதாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒரு நன்றி சொல்ல வேண்டும், அதை வெட்டினாலும் பரவாயில்லை, தினம் தினம் வெட்டினாலும் தினம் தினம் போடுவேன் என்று மன்றப் பக்கத்துக்குப் போனாள்.

அங்கே நாயுருவியின் பதில் இல்லை. இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம்: 'தீங்கான அறிவுரை எனப் புகார் வந்ததால் நீக்கப்பட்டது.' செடிப் படம் மங்கி, பக்கத்தில், 'இந்தக் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.' மேலே ராஜனுக்கு ஒரு தனிச் செய்தி, மன்றத்தின் ஒழுங்கைப் பார்த்துக்கொள்கிற மட்டுறுத்துநரிடமிருந்து: 'உங்கள் புகாருக்கு நன்றி. இந்த உறுப்பினர் மேல் ஏற்கெனவே சில புகார்கள் உண்டு. உங்களைப் போன்றவர்களால்தான் மன்றம் பாதுகாப்பாக இருக்கிறது.' அதை அவள் படித்தாள், மறுபடி படித்தாள். நன்றியை வெட்டுகிற இடம், இதற்கு மட்டும் நன்றி சொல்லியிருக்கிறது.

உடனே எழுதினாள். தவறு என்னுடையது, அவர் சொன்ன வரிதான் சரி, ஓட்டிப் பார்த்தேன், எல்லாம் வந்துவிட்டது, அவரைத் திரும்ப விடுங்கள். பதில் சீக்கிரமே வந்தது. 'உங்களுடையது இன்று காலை திறந்த கணக்கு. காலையில் அவரைத் திட்டினீர்கள், அப்புறம் புகார் செய்தீர்கள், இப்போது அவருக்காக வாதாடுகிறீர்கள். தடைசெய்யப்பட்டவர்கள் இரண்டாவது கணக்கில் வந்து தங்களுக்கே சாட்சி சொல்வது இங்கே வழக்கம்தான். நீங்களும் நாயுருவியும் ஒரே ஆளா?' ஜெகதா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. இல்லை என்றால் இல்லை என்று யார் நம்புவது. உண்மையைச் சொல்லிவிடலாம், உண்மைக்கு ஒரு பலம் இருக்கும் அல்லவா என்று, காலையிலிருந்து மூடி மூடி வைத்ததையெல்லாம் திறந்துவிட்டாள். ராஜன் என்று யாருமில்லை ஐயா, நான் ஒரு பெண், பெயர் ஜெகதா, திண்டுக்கல்லில் கல்லூரி நூலகர், கேட்காமல் பதிப்பு ஏற்றிக் கெடுத்துவிட்டு, வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று பொய்ப் பெயரில் வந்தேன், அவரைப் பார்த்துப் பயந்து புகார் செய்தேன், அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. அனுப்பிவிட்டுப் படித்துப் பார்த்தாள். ஒரு வார்த்தை பொய்யில்லை. ஆனாலும் படிக்கப் படிக்க, வேறு யாராவது இதை எழுதியிருந்தால் அவளே நம்பமாட்டாள் என்று தெரிந்தது. பதில் வந்தது: 'காலையில் ராஜன். இப்போது நூலகர் மேடம். சாயங்காலம் யாராக வருவதாக உத்தேசம்?'

அதற்குள் அந்தக் கேள்வி பதில் இழையின் அடியில் ஒரு புது ஆள். நீரோடை என்று பெயர், படமில்லை. 'வணக்கம். எங்கள் ஊர் நூலகத்திலும் பதிப்பு ஏற்றியபின் இதே மாதிரி ஆகிவிட்டது. தமிழ்த் தலைப்பு ஒன்றும் இல்லை. நகல் கிடையாது. யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. இங்கே ஏதோ பதில் இருந்து எடுத்துவிட்டார்கள் போல. யாருக்காவது தெரியுமா? அவசரம்.' யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. அந்த மேஜை எப்படி இருக்கும், டப்பா திறந்திருக்குமா, கதவுப் பக்கம் எத்தனை தரம் திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்றெல்லாம் அவளுக்கு நேரில் பார்த்த மாதிரி தெரிந்தது. யோசிக்கவில்லை. கறுப்புத் திரையிலிருந்து அந்த இரண்டு வரிகளையும் எடுத்து, முதலில் நகல், அப்புறம் இது, என்று நாயுருவி சொன்னபடியே எழுதி, நான் ஓட்டினேன், எனக்குச் சரியானது என்று சேர்த்துப் போட்டாள்.

நீரோடை அங்கேயேதான் காத்திருக்க வேண்டும், உடனே எழுதினார். 'மிக்க நன்றி ராஜன் சார். ஒரு சந்தேகம், தப்பாக நினைக்காதீர்கள். மேலே இதே மாதிரி ஒன்றைத் தீங்கானது என்று நீக்கியிருக்கிறார்களே, நடுவில் டிராப் என்று வேறு இருக்கிறது. இதை நம்பி அழுத்தலாமா? நீங்கள் யார்?'

தப்பாக நினைக்கவில்லை, கண்ணு, ஒரு துளிகூடத் தப்பாக நினைக்கவில்லை. அழிவது தற்காலிகப் பத்தி மட்டும்தான், வரியைக் கடைசிவரை படியுங்கள், முதலில் நகல் எடுங்கள், எடுத்த நகலைத் திறந்தும் பாருங்கள், காலியாக இருந்தால் இரண்டாவது வரியைத் தொடவே தொடாதீர்கள், தப்பாகிப் போனால் நகல் இருக்கும், சரிங்களா. அடித்து முடித்து அனுப்பு என்பதை அழுத்தினாள். பக்கம் ஒருமுறை வெளுத்துத் திரும்பி வந்தது. அவள் போட்ட பதிலின் இடத்தில் சாம்பல் கட்டம். மேலே சிவப்பில், 'இந்தக் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.' கீழே நீரோடையின் கேள்வி மட்டும் நின்றது, நீங்கள் யார் என்று. இப்போது அங்கே அந்த ஆள் அந்தச் சாம்பல் கட்டத்தைப் பார்த்திருப்பார். நல்லவேளை, தப்பித்தோம் என்று விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருப்பார். ஜெகதா அனுப்பு என்பதை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள்.